தொண்டை நீலமாக இருந்த குருவி

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கட்டைப் பிரித்ததும் உங்களுக்கு முதலில் எது தெரிந்தது? எனக்கு நீலம் தெரிந்தது. தரை துடைக்கிற அம்மாள் வைத்திருந்த பிளாஸ்டிக் பக்கெட்டின் நீலம். அப்படி ஒரு நீலத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உலகமே டீத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரிதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குப் பயம்தான் வந்தது. இவ்வளவு நாள் எதையெதைத் தப்பாகப் பார்த்தேனோ என்று படுக்கையில் படுத்தபடியே கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. கேஸை அணைத்துவிட்டுப் படுத்தாலும் எழுந்துபோய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் போவேன். மருமகள் சிரிப்பாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் அவள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த நீல பக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கோபாலபுரத்தில் இருந்தோம். பெரிய பங்களா ஒன்றின் பின்புறத்தில் ஒரு அவுட்ஹவுஸ். நைனா அந்த வீட்டுக்கு டிரைவர். அம்மா எனக்கு முகம் தெரிகிற முன்பே போய்விட்டாள். நைனாவுக்கு அக்கா முறை, அதாவது எங்கள் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்து வீட்டை நடத்தினாள். அக்கா பெரியவள், கல்யாண வயசு. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் புசுபுசுவென்று ஆகி, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தேன். அத்தை தன் கழுத்திலிருந்த ஒற்றைச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் இறங்கும் என்று நம்பிக்கை. எனக்கு வலியைவிட அந்தச் சங்கிலி தொலைந்துபோகுமோ என்ற பயம்தான் பெரிசாக இருந்தது. விரலால் தடவிக்கொண்டே கிடப்பேன். பள்ளிக்கூடம் கிடையாது. ஜன்னலோரம் பாய், ஒரு தலையணை. ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல்லும் அதன் மேல் கவிந்தாற்போல ஒரு பவழமல்லியும். அதற்கு அப்பால் பங்களாவின் மாமரங்கள். அந்த மூலையில் வெயிலே விழாது. கல்லிலிருந்து போகிற சோப்புத் தண்ணீர் வாய்க்காலில் தேங்கிக் கொசு மொய்க்கும்.

அந்தக் கொசுவுக்குத்தான் அது வந்தது.

சிட்டுக்குருவி அளவுகூட இருக்காது. முதுகு முழுக்க நீலம். தொண்டையிலிருந்து மார்புவரை ஆரஞ்சு. அதற்குக் கீழே வயிறு, கோடு போட்டு நிறுத்தின மாதிரி வெள்ளை. பவழமல்லியின் தாழ்ந்த கிளையில் உட்காரும். திடீரென்று பாய்ந்து காற்றிலேயே எதையோ கவ்வும். திரும்ப வந்து அதே கிளையில், விட்ட இடத்திலேயே உட்காரும். பேசத் திறந்தால் வாய் வலிக்கும் என்பதால் நான் கையைக் காட்டினேன். அக்கா வந்து என் பக்கத்தில் குந்திப் பார்த்தாள்.

“ஐய, எவ்ளோ அழகா கீது! நீலப் புடவை கட்டிக்கினு, கழுத்து வரிக்கும் ஏத்தித் தச்ச ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கினு கீதுடி. டீச்சர் மாதிரி.”

அன்றிலிருந்து அது ஜாக்கெட்காரி. அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் துணிதான் ஞாபகம் வரும். கையாலேயே ஜாக்கெட் தைப்பாள். மிஷின் கிடையாது. கழுத்து வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பங்களா சமையல்கார அம்மாவே சொல்வாள்.

அது என்ன பறவை என்பதில் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது.

“மீன்கொத்திம்மா அது. நீலம், ஆரஞ்சு, வேற இன்னா?” என்றார் நைனா.

“மீன்கொத்திக்கு மூக்கு கத்தி மாதிரி இருக்கும் நைனா. இத்துக்குப் பாரு, அரிசி அளவு கீது” என்றாள் அக்கா.

“குட்டியா இருக்கும்.”

“மீனுக்கு இங்க எங்க வரும்? நீ கார் கழுவுற பக்கெட்லயா?”

அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “தேன்சிட்டுடி அது. பேசாம வேலையப் பாருங்க.”

“தேன்சிட்டு மூக்கு வளைஞ்சிருக்கும் அத்தை. பூவுக்குள்ள உட்டு உறியும். இது பூவைத் திரும்பிக்கூடப் பாக்கல. கொசுவத்தான் புடிக்குது.”

“அப்ப நல்லதாப் போச்சு. உள்ள கூட்டிக்கினு வந்து கட்டிலாண்ட கட்டு. ராத்திரிக்கு ஆவும்” என்றார் நைனா. எனக்குச் சிரிப்பு வந்து கன்னம் இரண்டும் தெறித்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது அதுதான் கடைசி.

தை பிறந்ததும் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மாம்பலத்துக்காரர். தி.நகரில் ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி பிரிவில் வேலை. அம்மாவும் பிள்ளையும் மட்டும் வந்திருந்தார்கள். அக்கா கைத்தையல் போடுவாள் என்று கேள்விப்பட்டு, போட்டிருந்த ஜாக்கெட்டின் தோள் தையலை அந்தப் பிள்ளை தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “கையால தச்சதா?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மிஷின் கற்றுக்கொள்ளட்டும், கடையிலேயே தையல் வேலை இருக்கிறது என்று அவர் அம்மா சொன்னாள். அக்காவின் காது சிவந்துபோனதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். காபித் தட்டோடு அங்கேதான் அக்காவை நிற்க வைத்தார்கள். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது அந்த அம்மா அத்தையைத் தனியே அழைத்தாள். “பொண்ணப் புடிச்சிருக்கு. ஆனா கண்ண சுருக்கிக்கினே கீதே. கண்ணு சரியாத் தெரியுமா? அத்த மட்டும் பாத்துச் சொல்லிடுங்க.”

உங்களுக்குத் தெரியும், அப்போதெல்லாம் கல்யாண வயசுப் பெண்ணுக்குக் கண்ணாடி என்றால் என்ன அர்த்தம் என்று. கண் டாக்டர் வாசலில் உட்கார்ந்தாலே போதும். யாராவது பார்ப்பார்கள், அது நாலு தெரு தாண்டிப் போகும். கண்ணில் குறை இல்லை என்று டாக்டரே சொன்னாலும், டாக்டரிடம் போனாள் என்பது மட்டும்தான் நிற்கும். அதனால் அத்தை ஒரு முடிவு செய்தாள். வீட்டிலேயே பார்த்துவிடுவது.

மறுநாள் காலையில் அக்காவைப் பின்கதவில் நிறுத்தினாள். உள்ளே மாட்டியிருந்த காலண்டரின் தேதியைக் கேட்டாள். அக்கா சொன்னாள். பங்களா மொட்டை மாடியில் காய்கிற துணிகளைக் கேட்டாள். வேட்டி எது, துண்டு எது, எதில் கரை எந்தக் கலர் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தைக்குத் திருப்தி இல்லை. அவள் சொல்வது சரியா என்று நமக்கு எப்படித் தெரியும்? நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை அல்லவா கேட்க வேண்டும்?

அப்போது பவழமல்லியில் அது வந்து உட்கார்ந்தது. தினமும் வருகிற நேரம், அதே கிளை.

“அத்தோ வந்திச்சு பாரு. தொண்டை இன்னா கலரு? சட்டுனு சொல்லு.”

அக்கா பார்த்தாள். கண்ணைச் சுருக்கவேயில்லை. “நீலம்.”

“ஏய், ஒழுங்காப் பாத்துச் சொல்லு.”

“நீலம்தான் அத்தை. இது நம்ம ஜாக்கெட்காரி இல்ல, வேற குருவி. இத்துக்குத் தொண்டை பூரா நீலம், ஜாக்கெட் கழுத்து எறக்கமா கீது. நடுவுல மட்டும் ஒரு கீத்து, வி கழுத்து வெட்டுவோம்ல, அந்த மாதிரி ஆரஞ்சு மேல ஏறிக்கீது.”

“வேற குருவியாம் வேற குருவி! யார டபாய்க்கிற? தெனம் வர்றது எனக்குத் தெரியாதா?”

“நீயே பாரேன் அத்தை.”

அத்தை நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “ஆரஞ்சுதான்” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “நீ சொல்லுடி, இன்னா கலரு?” என்று என்னைக் கேட்டாள். என் பக்கம் அதன் முதுகுதான் இருந்தது. “எனக்கு முதுகுதான் தெரிது அத்தை” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அது மாமரத்துக்குள் போய்விட்டது.

அத்தை அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் கெட்டவளாக நினைத்துவிடாதீர்கள். தாயில்லாப் பெண்ணை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாளே, இப்படிக் கண் தெரியாமல் வளர்த்துவிட்டேனே என்றுதான் அழுதாள். நிஜமான அழுகை. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “இல்ல அத்தை, நல்லாத் தெரியுது அத்தை” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நைனா வந்ததும் விஷயம் அவர் காதுக்குப் போனது. “ஒரு தபா டாக்டராண்ட காட்டிட்டா இன்னா?” என்றார்.

“காட்டி? கண்ணாடிய மாட்டி உட்டான்னா எவன் கட்டுவான்? காலம் பூரா நீயே வச்சிக்கினு கஞ்சி ஊத்துவியா?”

நைனா கார் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த கார்தான்.

மாம்பலத்துக்கு அத்தையே சொல்லி அனுப்பிவிட்டாள், ஜாதகம் சரியாக வரவில்லை என்று. கட்டிக்கொடுத்த பிறகு தெரிந்து அவர்கள் திருப்பி அனுப்பினால் அந்த அவமானம் தாங்காது, நாமே வேண்டாம் என்பதுதான் மரியாதை என்றாள். அன்று சாயங்காலம் அத்தை கிழிந்த உள்பாவாடையைத் தைக்க உட்கார்ந்தாள். வழக்கம்போல ஊசியையும் நூலையும் அக்காவிடம் நீட்டினாள். அக்கா நூலை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கித் தைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். நைனாவும் அங்கேதான் இருந்தார். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. ஊசிக் காதும் தெரியாத, மொட்டை மாடித் துணியும் தெரியாத கண்ணோடு அத்தை அந்தத் தூரத்துக் குருவியின் தொண்டையை எப்படிப் பார்த்திருப்பாள்? ஆரஞ்சு என்று அவளுக்குத் தெரியும், அதனால் ஆரஞ்சு என்றாள். இதை நான் இப்போது யோசிக்கிறேன். அறுபது தாண்டிய பிறகு.

அடுத்த நாள் ஜாக்கெட்காரி வந்தாள். தொண்டை பளிச்சென்று ஆரஞ்சு. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஆரஞ்சுதான்டி” என்றாள் மெதுவாக.

“ஆமாங்கா.”

“அப்ப நேத்து எனக்கு ஏன் நீலமாத் தெரிஞ்சிது?”

அந்த இன்னொரு குருவி அதற்குப் பிறகு வரவேயில்லை. எங்கேயோ போகிற வழியில் ஒரு காலை மட்டும் எங்கள் வாய்க்காலில் இறங்கிக் கொசு தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

அன்றிலிருந்து, கண்ணுக்கு நல்லது என்று, வீட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை. பொரியல், கூட்டு, கடைசல், எது செய்தாலும் பொன்னாங்கண்ணி. ராத்திரி படுக்கும்போது நந்தியாவட்டைப் பூவை அவள் கண்மேல் வைத்து அத்தை துணி கட்டுவாள். அக்கா மறுக்கவில்லை. மெல்ல மெல்ல அவள் நடையே மாறிவிட்டது. படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்கும்போது, “இது கல்லா நெல்லா, நீ பாருடி” என்று என்னிடம் நீட்டினாள். கையில் ஊசி எடுப்பதை விட்டாள். எனக்கு வீக்கம் இறங்கிவிட்டது. சங்கிலி அத்தை கழுத்துக்குத் திரும்பிப் போனது. மாசியில் வெயில் ஏற ஏற ஜாக்கெட்காரியும் காணாமல் போனாள்.

இரண்டாவது இடம் அரக்கோணம். மாப்பிள்ளைக்கு வயசு கூட, ரைஸ்மில்லில் வேலை. கண்ணைப் பற்றித் தரகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், பரவாயில்லை என்றார்களாம். அத்தைக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. அன்றும் சாயங்காலம்தான் வந்தார்கள். நெளிந்த விளிம்புள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில்தான் அவருக்குக் காபி. அக்கா கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அத்தை, அவருக்குக் கை நடுங்குது அத்தை. டம்ளர் புடிக்க முடியல. டவராவுல பாதி கொட்டிடுச்சு. கண்ணும் மஞ்சளா கீது.”

அத்தை அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “அவரு கை ஆடல கண்ணு. உன் கண்ணுதான் ஆடுது. உன் பார்வையப் பத்தித்தான் நமக்குத் தெரியுமே.”

அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஆமால்ல” என்றாள். அவ்வளவுதான். நான் டவராவை எடுக்கப் போனபோது அதில் காபி இருந்தது. ஆற்றிக் குடித்தால் டவராவில் காபி இருக்கத்தானே செய்யும் என்று கழுவி வைத்தேன்.

வைகாசியில் கல்யாணம். வீட்டில் சமைக்க ஆள் வேண்டும், அத்தைக்கு முடியவில்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அந்த மனிதர் குடித்தே போனார். அதற்கு முன்பு அக்கா பட்டதை நான் எழுத மாட்டேன். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அரக்கோணத்திலேயே வீட்டு வேலை செய்து பிழைத்தாள். வேலைக்குச் சேரும்போதே, “அரிசி பாக்கறது, தையல், இதெல்லாம் சொல்லாதீங்கம்மா, எனக்குக் கண்ணு சரியில்ல” என்று சொல்லிவிடுவாளாம். கண் முகாம் போட்டபோது போ என்று போனில் கெஞ்சியிருக்கிறேன். “போய் இன்னா பண்றது, தெரிஞ்சதுதானே” என்பாள். அத்தை போனாள், நைனா போனார். பங்களா இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. துவைக்கிற கல்லை எந்த லாரியில் ஏற்றினார்களோ.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து, மருமகள் என்னைக் கோட்டூர்புரம் நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்குப் பக்கம்தான். வெயிலுக்கு ஏசியில் உட்காரலாமே என்றுதான் போனேன். அவ்வளவு பெரிய கட்டடத்தில் யாராவது வந்து நீ எத்தனாவது படித்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று உள்ளூர உதறல். மருமகள் எனக்காகப் படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். தமிழ்நாட்டுப் பறவைகள். புதுக் கண்ணுக்குப் படம் பார்க்க நன்றாக இருந்தது. புரட்டிக்கொண்டே போனேன்.

ஒரு பக்கத்தில் ஜாக்கெட்காரி இருந்தாள். நீல ஈப்பிடிப்பான் என்று போட்டிருந்தது. ஆரஞ்சுத் தொண்டையோடு பளிச்சென்று இருப்பது ஆணாம். நாங்கள் புடவை கட்டிவிட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பக்கத்துப் படத்தைப் பார்த்தேன்.

அதே அளவு. அதே நீல முதுகு, அதே ஆரஞ்சு மார்பு, அதே வெள்ளை வயிறு. தொண்டை மட்டும் நீலம். நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தொண்டையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். சிலவற்றில் மார்பின் ஆரஞ்சு, தொண்டையின் நடுவே கூம்பாக மேலேறியிருக்கும். குளிர்காலத்தில் தெற்கே வரும்.

வி கழுத்து.

“அத்தை, இன்னா ஆச்சு? கண்ணுல தண்ணி வருது. ஆபரேஷன் பண்ண கண்ணு, துடைக்காதீங்க” என்று மருமகள் பதறினாள்.

இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று எத்தனை நாள் குழம்பினேன் தெரியுமா? சொல்லி என்ன ஆகப்போகிறது? போன வாழ்க்கை வருமா? கண் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டாவது ஒரு மாதிரி சமாதானமாக இருக்கிறாள், அதையும் நான் பிடுங்க வேண்டுமா? சொல்லாமல் நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று உண்மையிலேயே கேட்கிறேன். கடைசியில் மறுபடி நூலகத்துக்குப் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே படிக்கட்டுக்கு வந்து போன் போட்டேன். புத்தகத்தை வெளியே விட மாட்டார்கள். மருமகள் அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்து என் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா பண்ற?”

“கீரை ஆஞ்சிக்கினு கீறேன்.”

“இன்னா கீரை?”

“வேற இன்னா, பொன்னாங்கண்ணிதான். நீ இன்னா இந்நேரத்துல? உடம்பு கிடம்பு நல்லாதானே கீது?”

சொன்னேன். குருவி இரண்டு என்றேன். ஒன்றுக்கு ஆரஞ்சுத் தொண்டை, ஒன்றுக்கு நீலத் தொண்டை, புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றேன். கீரை ஒடிகிற சத்தம் நின்றிருந்தது.

“நடுவுல ஒரு கீத்து ஏறிக்கீதா?” என்று கேட்டாள்.

நான் படத்தைப் பார்த்தேன். தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொரு தடவை பார்த்தேன். “ஏறிக்கீதுக்கா. வி கழுத்து மாதிரியே.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்துட்டேன்கா.”

லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

“அப்ப அவரு கை நடுங்கினதும்...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

நான் ஆமாம் என்று சொல்லவேண்டியிருந்தது. வாய் வரவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்தபோது வலித்த அதே இடத்தில் வலித்தது. “டவராவுல காபி இருந்திச்சுக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் தரையில் முறம் உராய்கிற சத்தம் கேட்டது. கீரையை அவள் தள்ளி வைத்துவிட்டாள்.